எலுமிச்சை மரம் ஒன்று உட்பட

அந்த மாவட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. நல்ல சட்டம்தான். யார் எந்த வீட்டை விற்றாலும், யார் எந்த நிலத்தை வாங்கினாலும், அந்த விவரத்தை மாவட்டத்தின் ஒரே வாரப் பத்திரிகையில் மூன்று வாரம் தொடர்ந்து பொடி எழுத்தில் அறிவிக்க வேண்டும். "மேற்படி சொத்தின்மீது பாத்தியதை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் நேரில் ஆஜராகி ஆட்சேபிக்க வேண்டியது, தவறினால் பின்னிட்டு யாதொரு பேச்சும் செல்லத்தக்கதல்ல" என்று அதன் கீழே இருக்கும். இருபத்தொன்றாம் நாள் மாலை ஐந்து மணி அடித்துவிட்டால் சொத்து வாங்கினவருக்குத்தான். அதற்குப் பிறகு ஆண்டவனே இறங்கி வந்து அது என் வீடு என்று சொன்னாலும், நேற்றே வந்திருக்கக் கூடாதா என்று அனுப்பிவிடுவார்கள்.

மாவட்டத்து மக்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். வீட்டுக்கு வீடு அந்தப் பத்திரிகையை வாங்கினார்கள். அலமாரித் தட்டில் விரிக்க, ஜன்னல் துடைக்க, ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுக்க, நனைந்த செருப்புக்குள் திணிக்க, அதைப்போல ஒரு பத்திரிகை கிடையாது என்று அது நல்ல பேர் எடுத்திருந்தது. படிப்பது என்கிற ஒரே ஒரு வேலைக்குத்தான் அதை யாரும் பயன்படுத்தவில்லை. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன் தலைநகரத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்த வருஷம் 'வெளிப்படைத்தன்மை ஆண்டு'. அதற்கு முந்தின வருஷம் 'வேகம் ஆண்டு'. அப்போது அலுவலகத்துக்கு ஆறு கடிகாரம் வாங்கினார்கள். ஆறும் ஆறு வெவ்வேறு மணி காட்டின. வெளிப்படைத்தன்மைக்காக, சொத்து அலுவலகத்தின் மரக்கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். முதல் வாரத்திலேயே மூன்று பேர் மூக்கை இடித்துக்கொண்டார்கள். கதவு இருப்பது கண்ணுக்குத் தெரியட்டும் என்று அதன்மேல் பத்திரிகைத் தாளை ஒட்டினார்கள். அதோடு மூக்குகள் தப்பின.

சுற்றறிக்கையில் இரண்டாவதாக ஒரு வரி இருந்தது: "சொத்து அறிவிப்புகளைப் பொதுமக்கள் படித்தார்கள் என்பதற்கு வாரந்தோறும் சான்று அனுப்புக."

சொத்து அலுவலருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. "பொதுமக்களை நான் எங்கேய்யா போய்ப் பிடிப்பேன்?" என்று குமாஸ்தாவிடம் புலம்பினார்.

குமாஸ்தா சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தனை பேர்னு இதுல போடலை, ஐயா."

"அப்படியா?"

"ஒருத்தர் போதும்னு நினைக்கிறேன்."

இப்படித்தான் அவள் வந்து சேர்ந்தாள். அவள் அச்சகத்தில் பத்திரிகை மடிக்கிறவள். அச்சகம் அலுவலகத்துக்கு எதிரிலேயே இருந்ததால் கூப்பிடுதூரத்தில் அகப்பட்ட பொதுமக்கள் அவள்தான். வேறு தகுதி ஒன்றும் கேட்கவில்லை. 

"படிக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் அலுவலர்.

"அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க, சார். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

"பொதுமக்கள் அப்படித்தாம்மா படிப்பாங்க. நீங்கதான் சரி."

நியமன உத்தரவில் 'பதவி: பொதுமக்கள். எண்ணிக்கை: ஒன்று. தன்மை: தற்காலிகம்' என்று இருந்தது. வாரா வாரம் வியாழக்கிழமை ஒரு தாள் வரும். "பொதுமக்களாகிய நாங்கள் மேற்படி அறிவிப்புகளைப் படித்தோம், புரிந்துகொண்டோம், எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை" என்று அடித்திருக்கும். கீழே அவள் கையெழுத்து. ஊரில் அவளுக்குப் பொதுஜனம் என்றே பேர் ஆகிவிட்டது. பால்காரர்கூட, "பொதுஜனம் அக்கா, பாத்திரம்!" என்றுதான் கூவுவார்.

பொதுஜனம் சுபாவத்தில் கவலைக்காரி. வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி ஓடிவருவாள். மழை வருவதற்கு முந்தின மாசமே ஒழுகும் இடத்துக்கு வாளி வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்த வியாழக்கிழமைத் தாளை மட்டும் ஒரு தரம்கூடப் படித்துப் பார்த்ததில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது வயசிலேயே அவளுக்குக் கிட்டப் பார்வை போய்விட்டது. பொடி எழுத்தைப் பார்த்தால் தாளின்மேல் எறும்பு போவதுபோலத்தான் இருக்கும். எறும்புக்கு ஆட்சேபணை என்ன என்று போட்டுவிடுவாள்.

ஒன்பது வருஷம் கழித்து, ஊசியில் நூல் கோக்கப் போய் விரலைக் குத்திக்கொண்ட ஒரு நாளில், கண்ணாடி போட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

கண்ணாடிக் கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை நம்புகிறவர் இல்லை. "அதை எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டாங்க அக்கா. குருடன்கூட ஒப்பிக்கிறான். நம்ம மாவட்டத்துலயே பொடி எழுத்து இதுதான். இதைப் படிச்சுட்டீங்கன்னா உலகத்துல எதையும் படிச்சுடலாம்" என்று, முகம் பார்க்கும் கண்ணாடி துடைக்க வைத்திருந்த அந்த வாரப் பத்திரிகையை நீட்டினார்.

அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"தபால்... நிலையத்துக்குத் தெற்கு."

"பேஷ்."

"தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கு. வண்டிப் பாதைக்கு மேற்கு. தையல் கடைக்குக் கிழக்கு. இதன் மத்தியில் உள்ள மனையும்... இரண்டு அறை கொண்ட வீடும்... முன்பக்கத்து எலுமிச்சை மரம் ஒன்று உட்பட..."

நிறுத்திவிட்டாள்.

"தெரியலையா அக்கா? பவர் கூட்டட்டுமா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"என் வீடு தெரியுது."

கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கடையில் போட்ட கண்ணாடி எதுவும் இதுவரை அவ்வளவு தூரம் காட்டியதில்லை.

பத்திரிகையை மடித்து ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள். அவள் வீட்டுக்காரர் அதே அச்சகத்தில் கம்பாசிட்டர். அந்தக் காலத்தில் ஈய எழுத்துக் கோத்தவர், இப்போது கம்ப்யூட்டரில் தட்டுகிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நம்ம வீட்டை வித்துட்டீங்களா?"

"எப்போ?" என்றார் அவர். குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.

அவள் பத்திரிகையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் எட்டிப் பார்த்தார். ஆற்றோரத்து மேய்ச்சல் நிலம் ஒன்றைப் பால் பண்ணைக்காரர் வாங்குகிற அறிவிப்பு அது. பெயர் சரி, பட்டா எண் சரி. நாலு எல்லை மட்டும் இந்த வீட்டுடையது.

"ஓ, இதுவா! கம்ப்யூட்டர் வந்த புதுசுல முதல் முதலா அடிச்சது நம்ம வீடு வாங்கின அறிவிப்புதானே? நம்ம வீடாச்சேன்னு பார்த்துப் பார்த்து அடிச்சேன். ஒரு பிழை கிடையாது. அதையே மாதிரியா வச்சுக்கிட்டேன். மத்ததுக்கெல்லாம் பேரை மாத்துவேன், எண்ணை மாத்துவேன், எல்லையை மாத்துவேன். இந்தத் தடவை எல்லையை மாத்த மறந்திருக்கும். ஒரு தடவை கை தவறாதா?"

"அதை யாரும் பார்க்க மாட்டாங்களா?"

"நான் ஏன் பார்க்கணும்? அதைப் பார்க்கறதுக்குன்னே ஆள் போட்டிருக்காங்க."

"யாரை?"

"பொதுமக்களை."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அறிவிப்பு வந்து பதினொரு நாள் ஓடிவிட்டது. பாக்கி பத்து நாள்.

மறுநாள் காலை, பூட்டை எட்டுத் தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கே 'ஆட்சேபணைகள்' என்று பலகை போட்ட ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தாவின் குடை, சாப்பாட்டுப் பை, குளிர்காலத்துக் கம்பளிக் குல்லாய் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"ஆட்சேபணை பண்ணணும்" என்றாள்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "என்ன பண்ணணும்?"

"ஆட்சேபணை."

"நிஜமாவா? நான் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சும்மா, ஒருத்தர் வந்ததில்லை. ஐயா! ஐயா! இங்க ஒரு ஆட்சேபணை வந்திருக்கு!"

அலுவலர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். அவளை உட்காரவைத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, தேநீர் வரவழைத்தார். கடைசியில் வருத்தத்தோடு சொன்னார்: "படிவம் இல்லையேம்மா."

"வெள்ளைத் தாள்ல எழுதித் தரேன் சார்."

"ஆட்சேபணையைப் படிவத்துலதான் வாங்கணும். படிவம் அச்சடிக்கணும்னா டெண்டர் விடணும். டெண்டர் விடணும்னா பத்திரிகையில அறிவிக்கணும். அது ஒரு இருபத்தொரு நாள்."

"எனக்குப் பத்து நாள்தான் சார் இருக்கு."

"அதான் சொல்றேன். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

அவள் பத்திரிகையை விரித்துக் காட்டினாள். பால் பண்ணைக்காரர் வாங்கிய மேய்ச்சல் நிலம் ஆற்றோரத்தில் இருக்கிறது, இது கம்பாசிட்டரின் கைப்பிழை, பட்டா எண்ணைப் பார்த்தாலே தெரியும் என்று சொன்னாள். அலுவலர் பரிவாகத் தலையை ஆட்டினார். "விதி பதினாலு. எண்ணும் எல்லையும் முரண்பட்டால் எல்லையே செல்லும். எண்ணுங்கிறது மனுஷன் போடறது. தபால் நிலையம், தண்ணித் தொட்டியெல்லாம் கண் முன்னாடி நிக்கிறது."

அதற்குள் பால் பண்ணைக்காரருக்கு ஆள் போய் அவரும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்கு எதுக்குங்க இந்தம்மா வீடு? நான் புல்லுக்காக வாங்கினேன்!"

"சட்டப்படி உங்களுக்கு ரெண்டு அறையும் ஒரு சமையலறையும்தான்."

"பதினோரு மாடு வச்சிருக்கேன்!"

"ஆறை முன்னறையில கட்டுங்க. அஞ்சு உள்ள. எலுமிச்சை மரமும் உங்களுதுதான். இருபத்தொன்னாம் நாள் சாயங்காலம் நாங்களே வந்து இந்தம்மாவை வெளியேத்தி, மாட்டை உள்ள விட்டு, சுவாதீனம் ஒப்படைப்போம். நீங்க கவலைப்படாதீங்க."

"சார்," என்றாள் அவள். அந்த வீட்டின் தரையை அவளே கையால் மெழுகிப் பூசினவள்; அதில் மாட்டுக் குளம்பு பதிவது கண்ணில் ஓடியது. "நான் அந்தத் தாள்ல படிக்காமத்தான் சார் கையெழுத்துப் போட்டேன். படிச்சிருந்தா போட்டிருப்பேனா?"

குமாஸ்தா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசுங்கம்மா," என்றார் அலுவலர். "இந்த ஒரு தடவை படிக்கலையா?"

"எந்தத் தடவையும் படிக்கலை. கண்ணு தெரியாது."

அலுவலர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "பொதுமக்கள் படிக்கலைன்னா, அறிவிப்பு அறிவிப்பே இல்லை. அறிவிப்பு இல்லைன்னா விற்பனை இல்லை. ஒன்பது வருஷத்துல எத்தனைய்யா?"

"நானூத்துப் பன்னிரண்டு, ஐயா," என்றார் குமாஸ்தா. "உங்க பங்களா உள்பட. என் தோட்டம் உள்பட."

"விசாரணை வைக்கிறேன்," என்றார் அலுவலர். "இருபதாம் நாள். ஒரே கேள்வி: படிச்சீங்களா, படிக்கலையா. படிச்சேன்னு சொன்னா உங்க ஒரு வீடு போகும். படிக்கலைன்னு சொன்னா நானூத்துப் பன்னிரண்டு வீடு போகும். பொதுமக்களுக்குன்னு ஒரு பொறுப்பு இருக்கும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

முதல் இரண்டு நாள் ஊரே அவள் பக்கம் நின்றது. அலுவலகம் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? மேற்குப் பக்கத்துத் தையல்காரர் தெருவில் நின்று உரக்கத் திட்டினார். "ஒரு பொம்பளை வீட்டுல மாட்டை விடறதா! நியாயம்னு ஒண்ணு இல்ல? அக்கா, விடாதீங்க. உச்சி வரைக்கும் போங்க. நாங்க பின்னாடி வரோம்."

மூன்றாம் நாள்தான் நானூற்றுப் பன்னிரண்டு என்ற கணக்கு வெளியே கசிந்தது. தையல்காரர் அன்று சாயங்காலம் தாமாகவே வந்து, அவள் கிழிசலுக்குக் கொடுத்திருந்த துணியை இலவசமாகத் தைத்துத் தந்தார்.

"அக்கா, என் கடை ஏழு வருஷம் முன்னாடி வாங்கினது. உங்களுக்கே தெரியும்."

"தெரியுமே."

"நீங்க படிச்சுதான் இருப்பீங்க. ஞாபகம் இருக்காது. எனக்கே நேத்து என்ன தச்சேன்னு ஞாபகம் இல்ல."

அதற்கு மறுநாள் நாத்தனார் வந்தாள். வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். அவளும் ஐந்து வருஷத்துக்கு முன் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு வாங்கியிருந்தாள், மாடியில் குளியலறையோடு.

"அண்ணி, உங்களுக்குக் குழந்தையா குட்டியா? எங்க வீட்டுல வந்து இருங்க. மாடிப்படிக்குக் கீழ ஒரு அறை காலியா இருக்கு."

"அதுல துடைப்பம் வச்சிருக்கியே?"

"எடுத்துடறேன், அண்ணி. உங்களுக்காக எடுக்க மாட்டேனா? படிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு வார்த்தை. நாக்கு தேய்ஞ்சா போயிடும்?"

"நாக்கு தேயாது. வீடு போயிடும்."

"நானூத்துப் பன்னிரண்டு குடும்பத்தோட பாவம் உங்களுக்கு வேணுமா?"

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் வந்தார். "ஒன்பது வருஷம் முன்னாடியே கண்ணாடி போட்டதா ரசீது தரட்டுமா அக்கா?" என்று ரகசியமாகக் கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் அலுவலகத்தைத் திட்டினார்கள். அலுவலகம் ஒழிய வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது ஒழியும்போது பொதுஜனத்தின் வீட்டோடு ஒழிந்துவிட்டால் நல்லது என்று மட்டும்தான் நினைத்தார்கள்.

படித்தேன் என்று சொல்வது பொய். படிக்கவில்லை என்று சொன்னால் ஊர் வயிற்றெரிச்சல். ஒன்றும் ஓடாமல், ஒரு மத்தியானம் அச்சகத்துக்குப் போய், ஒன்பது வருஷத்துப் பத்திரிகைக் கட்டுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"படிச்சேன்னு சொல்லச் சொல்றாங்க. படிச்சுட்டாவது சொல்றேன்."

எலுமிச்சை மரத்தடியில் பாயைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி ஆரம்பித்தாள். முதல் அறிவிப்பு அவள் வீடு. இரண்டாவது ஒரு மாவு மில். அதைப் படித்தாள். மூன்றாவதைப் படித்தாள். நாலாவதுக்கு வந்தபோது, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். பத்தாவதுக்குப் பிறகு அவளுக்கு எழுத்துக் கூட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தண்ணீர்போல வாசித்தாள். அப்படி ஒரு வாசிப்பை அவளுடைய ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கேட்டிருந்தால் ஆறாவதுக்கு அனுப்பியிருப்பார்.

விசாரணை நாளில் அலுவலகத்துக்குள் இடமில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே பாதிப்பேர் நின்றார்கள். உள்ளே நடப்பது தெரியாததால் தாளை நகத்தால் சுரண்டி ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். பால் பண்ணைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மாட்டை மட்டும் ஓட்டி வந்திருந்தார்.

"பொதுமக்களே," என்று அலுவலர் அவளைப் பார்த்துக் கூப்பிட்டார். "அறிவிப்புகளைப் படித்தீரா, படிக்கவில்லையா?"

"படிச்சேன் சார்."

ஒரு பெருமூச்சு எழுந்தது பாருங்கள், கதவில் ஒட்டியிருந்த தாள் ஒரு பக்கம் பெயர்ந்துவிட்டது. நாத்தனார் ஓடிவந்து, "என் தங்க அண்ணி!" என்று கட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் படிச்சேன்," என்றாள் அவள், நாத்தனாரின் கையை மெல்ல விலக்கிவிட்டு. "நானூத்துப் பன்னிரண்டும். உங்க பங்களாவுக்கு என்ன எல்லை சார் போட்டிருக்கு?"

"அது... மலையடிவாரத்துல..."

"தபால் நிலையத்துக்குத் தெற்கு, தண்ணித் தொட்டிக்கு வடக்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு, தையல் கடைக்குக் கிழக்கு. எலுமிச்சை மரம் ஒன்று உட்பட."

அவள் தையல்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உன் தையல் கடையும் அதே எல்லைதான். தையல் கடைக்குக் கிழக்கேதான் உன் தையல் கடை இருக்காம். மாவு மில்லு அதே எல்லை. குமாஸ்தா சார் தோட்டம் அதே எல்லை. ஏய், உன் மாடி வீடும் அதேதான். மாடி போடலை, குளியலறை போடலை, எலுமிச்சை மரம் போட்டிருக்கு." அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மாட்டுக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். "ஒரு தடவைதான் கை தவறிச்சாம். விதி பதினாலு சார். எண்ணும் எல்லையும் முரண்பட்டா எல்லையே செல்லும். நான் படிச்சிருந்தா, உங்க எல்லாருக்கும் சொந்தம் என் வீடு ஒண்ணுதான். வேற ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடையாது. வரதுன்னா வாங்க. ரெண்டு அறை. மாட்டையும் சேர்த்துப் பார்த்துக்குங்க."

பிறகு நடந்த கூச்சலைப் பற்றி எழுத வேண்டாம். படித்திருந்தாலும் வீடு போகிறது, படிக்காவிட்டாலும் வீடு போகிறது என்று ஊருக்கு மெல்லப் புரிந்தது. பத்து நாள் அவளுக்கு இருந்த தலைவலி ஒரே நிமிஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பரவிவிட்டது. மாவு மில்காரர் எல்லோரையும்விட உரக்க, "இதையெல்லாம் யாரும் படிச்சுப் பார்க்க மாட்டீங்களாய்யா?" என்று கத்தினார். அவர் கையில் பத்திரிகையில் மடித்த பொட்டலம் ஒன்று இருந்தது.

அலுவலர் அலுவலர்தான். அரைமணி நேரம் உள்ளே போய் விதிப்புத்தகத்தோடு இருந்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு வெளியே வந்து உத்தரவை வாசித்தார்.

"திருத்த அறிவிப்பு வெளியிடப்படும். நானூற்றுப் பன்னிரண்டு சொத்துகளுக்கும் சரியான எல்லைகளை அவரவர் எழுதிக் கொடுக்க வேண்டியது. அவை ஒரே அறிவிப்பாகப் பிரசுரமாகும். பொதுமக்கள் அதைப் படித்து, ஆட்சேபணை இல்லை எனக் கையெழுத்திட்டதும் எல்லாம் நேராகும். பொதுமக்கள் படித்து முடிக்கும்வரை, மேய்ச்சல் நிலம் உள்பட, அவரவர் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். வெளியேற்றம் ஏதும் கிடையாது."

எல்லோரும் கை தட்டினார்கள். மாடும் கத்தியது.

திருத்த அறிவிப்பு பன்னிரண்டு பக்கம் வந்தது. பொடி எழுத்து. இதில் ஊரின் தலையெழுத்தே இருக்கிறது என்பதால் இந்த முறை ஆளுக்கு ஒரு பிரதி தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். வியாழக்கிழமை அலுவலகத்தில் பொதுஜனத்துக்குத் தனி மேசை போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்கள்.

"இங்க போடுங்கம்மா," என்று குமாஸ்தா வழக்கமான இடத்தில் விரலை வைத்தார்.

"இருங்க. படிச்சுட்டுப் போடறேன்," என்று அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முதல் சொத்து சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. ஊர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்தது. பத்தாவது சொத்துக்கு வரும்போது நாத்தனார் வீட்டிலிருந்து தேநீர் வந்தது, சர்க்கரை கூடப் போட்டு. பதினாறாவதும் சரி.

பதினேழாவது மாவு மில். "தபால் நிலையத்துக்குத் தெற்கு," என்று ஆரம்பித்தது. அவள் விரல் நின்றது. பதினெட்டுக்குப் போனாள். தபால் நிலையத்துக்குத் தெற்கு. பக்கத்தைத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தையும் பார்த்தாள். எலுமிச்சை மரம் ஒன்று உட்பட. அவள் வீட்டுக்காரருக்குப் பதினாறு வரைக்கும்தான் பொறுமை தாங்கியிருக்கிறது.

ஆட்சேபிக்கலாம். படிவத்துக்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள். திருத்தத்துக்குத் திருத்தம் போடச் சொல்லலாம். அதையும் அந்த மனுஷன்தான் அடிப்பார். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வாசலில் பதினோரு மாடு, ஒரு மாவு மில், ஒரு சொத்து அலுவலர்.

தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தாள். ஒட்டிய தாள் பெயர்ந்த இடத்தில் இப்போது நன்றாகத் தெரிந்தது. வெயிலில் நின்றவர்கள் அறிவிப்பைத் தலைக்குப் பிடித்திருந்தார்கள். தையல்காரர் அதில் ஒரு சட்டைக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால் பண்ணைக்காரர் அதை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் இருந்தன. ஒருவர் கண்ணும் அதில் இல்லை. எல்லார் கண்ணும் அவள் பேனாவின்மேல் இருந்தது.

"முடிஞ்சுதா அக்கா?" என்று வெளியேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"பெரிய எழுத்துல போட்டிருக்கக் கூடாதா," என்று அலுத்துக்கொண்டாள் அவள். "எங்க விட்டேன்னு தெரியலை."

பக்கங்களைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்து, முதல் வரியில், முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.